மூன்று வாக்கியத்துக்கும் ஆதாரம் உண்டு

பெருமதிப்பிற்குரிய மைத்துனர் அவர்களுக்கு, தங்கள் தங்கையைக் கட்டிக்கொண்டவன் பணிவோடு எழுதிக்கொள்வது. இங்கு என் இடது கன்னம் நீங்கலாக அனைவரும் சுகம். அங்கு தாங்களும் அக்காவும் மருமக்களும் சுகமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். நம்பத்தான் முடிகிறது, ஏனென்றால் தாங்கள் என் போனை எடுப்பதில்லை. அதனால்தான் இந்தக் கடிதம்.

தாங்கள் கோபப்பட்டது நியாயம். லீவு போட்டு, டிக்கெட் எடுத்து, பெட்டியும் கட்டி வைத்த மனிதருக்கு "இப்போதைக்கு வர வேண்டாம்" என்று செய்தி அனுப்பினால் யாருக்குத்தான் சுருக்கென்று இருக்காது. ஆனால் மச்சான், காரணத்தைக் கேட்டால் என்னைக் கட்டிப் பிடித்துக்கொள்வீர்கள். போன முறை வந்தபோது எங்கள் வீட்டுச் சோபாவிலேயே சாய்ந்துகொண்டு என்ன சொன்னீர்கள்? "மாப்ள, உங்களுக்கும் இங்கிலீஷுக்கும் ஏழாம் பொருத்தம். சோப்புப் பெட்டிய எடை போடுறதுக்கு அதெல்லாம் எதுக்கு?" என்றீர்களா இல்லையா? நான் அன்றைக்கு வாயைத் திறக்கவில்லை. இப்போது திறக்கிறேன், வீக்கம் விடுகிற அளவுக்கு. அதே இங்கிலீஷைப் பேசித்தான் நான் பேக்கிங் பிரிவுக்குச் சூப்பர்வைசர் ஆகியிருக்கிறேன். கண்ணாடிக் கதவு போட்ட தனி அறை. கதவை நானே சாத்தி நானே திறந்து பார்த்துவிட்டேன், நன்றாக வேலை செய்கிறது.

நடந்ததைச் சொல்கிறேன். பழைய சூப்பர்வைசர் ஓய்வு பெற்றதும், அந்த நாற்காலிக்கு நானும் சரக்கு அனுப்பும் பிரிவில் இருக்கிற டைக்காரரும் போட்டி. வேகிற வெயிலிலும் கழுத்தில் டையை இறுக்கிக்கொண்டு வருவாரே என்று நான் சொல்லியிருக்கிறேன், அவர்தான். தலைமை அலுவலகத்து ஆட்கள் வந்தால் நாலு வார்த்தை இங்கிலீஷில் பேசத் தெரிந்தவர்தான் வேண்டும் என்று புது மேனேஜர் சொல்லிவிட்டார். "வெள்ளிக்கிழமை ரெண்டு பேரும் என் ரூமுக்கு வாங்க. 'புட் ஆஃப்' வச்சு ஆளுக்கு மூணு வாக்கியம். தப்பில்லாம சொல்றவருக்கு வேலை" என்றார். ஏன் அந்த வார்த்தை என்று கேட்டதற்கு, "நம்ம ஃபேக்டரில தினமும் நடக்குறது அது ஒண்ணுதானே" என்றார். எத்தனை வருடமாக அந்தத் தராசுக்குப் பக்கத்தில், கொதிகலன் சூட்டில், ஸ்டூலில் உட்கார்ந்திருக்கிறேன் என்று தங்களுக்குத் தெரியும். இதை விட்டால் அந்த ஸ்டூலோடு நானும் தேய வேண்டியதுதான்.

வீட்டுக்கு வந்து மகளிடம் கேட்டேன். "தள்ளிப் போடுறதுன்னு அர்த்தம்பா. ஒண்ணு சொல்லுங்க பாப்போம்" என்றாள். "ஐ புட் ஆஃப் கோயிங் டு த டென்டிஸ்ட்" என்றேன். கைதட்டினாள். எனக்கு மட்டும் மனசு ஒப்பவில்லை, ஏனென்றால் அன்று சாயங்காலம்தான் பல் டாக்டரிடம் போவதாக இருந்தது. "அப்படின்னா இது பொய்யாச்சே" என்றேன். "அப்பா, இது உதாரணம். உண்மையா இருக்கணும்னு அவசியமில்ல" என்றாள். எப்படி மச்சான் அவசியமில்லாமல் போகும்? எடை பார்க்காத பெட்டியில் நான் ஒருநாளும் முத்திரை குத்தியதில்லை. மேனேஜர் "எப்போ தள்ளிப் போட்டீங்க?" என்று ஒரு கேள்வி கேட்டால் நான் எங்கே போய் முழிப்பது? போனை எடுத்து டாக்டரிடம் அடுத்த வாரம் வருகிறேன் என்று சொல்லிவிட்டேன். வாக்கியம் உண்மையாயிற்று. மறுநாள் காலையில் கன்னமும் பன் மாதிரி உப்பிக்கொண்டது, அது வேறு விஷயம்.

இரண்டாவது வாக்கியம் தானாகவே வாசலுக்கு வந்தது. சமையலறைக் குழாய் ஒழுகுகிறது என்று உங்கள் தங்கை கெஞ்சிக் கூத்தாடி வரவழைத்த பிளம்பர், பையும் கையுமாக நின்றார். "சார், மரை தேஞ்சு போச்சு. இன்னிக்கு மாத்தலன்னா கையோட வந்துரும்" என்றார். "வெள்ளிக்கிழமை சாயங்காலம் வாங்க, ஒரு காரணம் இருக்கு" என்று அனுப்பிவிட்டேன். உங்கள் தங்கை என்னைப் பார்த்த பார்வையை எழுத்தில் கொண்டுவர எனக்குத் தெம்பில்லை. பிளம்பர் வாக்கு சுத்தமானவர். வெள்ளிக்கிழமை காலை குழாய் கையோடு வந்துவிட்டது, அதுவும் அவள் கையோடு.

மூன்றாவதுக்குத்தான் தங்களைத் தேர்ந்தெடுத்தேன். வேறு எதைத் தள்ளிப் போட்டாலும் சப்பென்றிருந்தது. தாங்கள் வருவது சாதாரண விஷயமா? அதைத் தள்ளிப் போட்டால் அந்த வாக்கியத்துக்கே ஒரு கனம் வரும் என்று பட்டது. "சரி, தள்ளிப் போடுகிறேன். இனி நீங்களாக வந்து கூப்பிட்டால்தான் உங்கள் வாசலை மிதிப்பேன்" என்று தாங்கள் பதில் அனுப்பியதும் எனக்கு அப்பாடா என்றிருந்தது. மகளை எழுப்பிக் காட்டினேன். அவள் தலையில் அடித்துக்கொண்டாள்.

இனி வெள்ளிக்கிழமை. டைக்காரர் முதலில் போனார், நானும் பக்கத்தில்தான் நின்றேன். "வீ புட் ஆஃப் த பிக்னிக் பிகாஸ் ஆஃப் ரெயின்" என்று ரேடியோவில் செய்தி வாசிப்பது போலச் சொன்னார். மேனேஜர் நிமிர்ந்து, "எந்த பிக்னிக்? மழை எப்போ பெஞ்சுது?" என்றார். "புக்குல அப்படித்தான் சார் போட்டிருக்கு" என்றார் டைக்காரர். அடுத்த இரண்டும் அவருக்கு நாக்கில் ஒட்டிக்கொண்டன. பிறகு நான். "ஐ புட் ஆஃப் கோயிங் டு த டென்டிஸ்ட்" என்றேன், கன்னத்தைத் திருப்பிக் காட்டினேன். "வீ புட் ஆஃப் த டேப் ரிப்பேர்" என்றேன், முழங்கால் வரை நனைந்த பேண்ட்டைக் காட்டினேன். "மை பிரதர் இன் லா புட் ஆஃப் ஹிஸ் விசிட்" என்றேன், போனை எடுத்துத் தங்கள் செய்தியை அவர் முன்னால் வைத்தேன். படித்தார். கைக்குட்டையை வாயில் வைத்துக்கொண்டு குலுங்கிக் குலுங்கிச் சிரித்தார். கண்ணைத் துடைத்துவிட்டு, "இங்கிலீஷுக்கு ஆதாரம் கொண்டு வந்த ஆளை இப்பத்தான்யா பாக்குறேன். இவர் கையெழுத்த நம்பி ஒரு லாரிய அனுப்பலாம்" என்றார். டைக்காரர்கூட என் கையைப் பிடித்துக் குலுக்கினார். மச்சான், நான் அழுதுவிட்டேன், வெட்கமில்லாமல் சொல்கிறேன். பாதி பல் வலி, பாதி சந்தோஷம்.

ஆகவே இந்த வெற்றியில் தங்களுக்கும் சரிபங்கு உண்டு. கோபத்தை உதறிவிட்டு உடனே குடும்பத்தோடு புறப்பட்டு வர வேண்டும், என் அறையைப் பார்க்க வேண்டும். அக்காவுக்கு என் வணக்கத்தைச் சொல்லவும். மருமக்கள் நன்றாகப் படித்து, படித்ததை எல்லாம் நிரூபிக்கும்படி வாழ என் ஆசிகள்.

இப்படிக்கு,
தங்கள் அன்பு மாப்பிள்ளை,
சூப்பர்வைசர், பேக்கிங் பிரிவு

பின்குறிப்பு: உறையை ஒட்டப் போகும்போது மேனேஜர் கூப்பிட்டார். திங்கட்கிழமை தலைமை அலுவலகத்து ஆட்கள் முன்னால் நான் இன்னும் மூன்று வாக்கியம் சொல்ல வேண்டுமாம். இந்த முறை 'கால் ஆஃப்'. மகளிடம் கேட்டேன், அடியோடு ரத்து செய்வதாம். பல் டாக்டரை ரத்து செய்துவிட்டேன், இன்னும் வந்து சேராத பிளம்பரையும் செய்துவிட்டேன். மூன்றாவதற்கு யோசித்துக்கொண்டிருந்தபோது உங்கள் தங்கை ஈரக் கையைத் துடைத்துக்கொண்டே வந்து, "நீங்க சிரமப்படாதீங்க, அத நான் தர்றேன்" என்று சொல்லிவிட்டு அலமாரியிலிருந்து பெட்டியை இறக்கினாள். ஆகையால் தாங்கள் புறப்பட்டு வர வேண்டியதில்லை, அவளே அங்கு வருகிறாள். அவள் வந்து சேர்ந்ததும் இரண்டு வரி எழுதி அனுப்புங்கள், மேனேஜர் ஆதாரம் கேட்பார்.