மாமா கையில் தூங்கும் எலி

எலின்னு அவர்கிட்ட எதுக்குடா சொன்னே? இரு, முறையாவே ஆரம்பிக்கிறேன். அகராதி ஆபீசில் உத்தியோகம் பார்க்கும் என் அண்ணன் மகனுக்கு அத்தை ஆசீர்வாதத்துடன் எழுதுவது. இங்கு நான் சுகம். உன் மாமாவும் சுகம் என்று எழுத எனக்குக் கை வரவில்லை. அவருக்குத்தான் கையே வரவில்லையே!

வாதம் வந்து மூணு மாசமாச்சு. கத்திரி பிடிச்ச வலக்கை மடியில கெடக்கு. பயிற்சி குடுக்க வர்ற பொண்ணு, "மசிலை அசைங்க ஐயா, மசிலை அசைங்க"ன்னு தொண்டைத் தண்ணி வத்தக் கத்தும். இவர் சுவரையே பாத்துட்டு, "தைக்கிற கை போச்சு, இனி என்ன இருந்து என்ன"ம்பார். அப்பத்தான் நீ போன்ல வந்தே. மசில்ங்கிற வார்த்தையை இங்கிலீஷ்காரன் பிரெஞ்சுக்காரன்கிட்ட எடுத்தான், அவன் லத்தீன்லேர்ந்து எடுத்தான், லத்தீன்ல அதுக்குக் குட்டி எலின்னு அர்த்தம், தோலுக்கடியில எலி மாதிரி நெளியுதுல்ல, நம்ம மூஷிகமும் அதுக்குத் தூரத்துச் சொந்தம்தான்னே. வாதம் வந்ததுலேர்ந்து சிரிக்காத மனுஷன் சிரிச்சார். நானும் கண்ணைத் தொடச்சிக்கிட்டேன். அன்னிக்குப் பிடிச்சது சனி.

அந்தப் பொண்ணு கையைத் தொட்டா, "மெதுவாம்மா, எலி தூங்குது"ங்கிறார். நான் எண்ணெய் தேய்க்கப் போனா, "பிள்ளையார் ஏறுற வாகனம்டி, கால் கழுவிட்டு வா"ன்னு என்னையே மடக்குறார். "ஏங்க, கெண்டைக்கால்ல ஏற்கெனவே ஒரு மீன் கெடக்கு. கையில எலி வேறயா? பூனை வந்தா உங்களை முழுசாத் தூக்கிட்டுல்ல போயிரும்"னேன். "முப்பது வருஷமாப் பக்கத்துலயேதானே உக்காந்திருக்கு, எங்க தூக்குச்சு?"ங்கிறார்.

இப்ப சாமிகிட்ட எலிக்குன்னு தனியா வேண்டிக்கிறேன், சொல்ல வெக்கமா இருக்கு. என்ன பலன்? வாய் நீண்டுச்சு, கை ஒரு நூல் அசையல. உன் லத்தீனை நீயே வச்சுக்கோ. இனிமே இந்த வீட்டுல எந்த வார்த்தைக்கும் பூர்வீகம் சொல்லாதே.

சாமி உன் கண்ணையும் கழுத்தையும் காப்பாத்தட்டும், குனிஞ்சே படிக்காதே, நேரத்துக்குச் சாப்பிடு.

இப்படிக்கு,
அத்தை

பி.கு.: மடிச்சு உறையில போடலாம்னு எடுத்தா, மேல உன் விலாசம் எழுதியிருக்கு. கோணல்மாணலா, எலி ஓடின மாதிரி. அவனுக்கு இன்னிக்குக் கடுதாசி எழுதணும்னு சொல்லிட்டு, காலையில வெறும் உறையைத்தான் அவர் பக்கத்துல வச்சேன். வீட்டுல நாங்க ரெண்டே பேர். இப்பத்தாண்டா ஞாபகம் வருது: மத்தியானம் அவருக்குக் கை கழுவிவிட்டப்ப வலக்கை விரல்ல மை இருந்துச்சு. திட்டிக்கிட்டே தேய்ச்சுக் கழுவிட்டேன்.