கையெழுத்துப் போட்டுத் திருப்பி அனுப்பவும்

நடந்ததை வரிசையாகச் சொல்லிவிடுகிறேன்.

1. ஜப்பான்காரன் காலத்தில் நான் கள்ளத்தனமாக ஒரு செய்தித்தாள் நடத்தினேன்.
2. அதை ஏழு பேர் படித்தார்கள்.
3. படித்ததற்கு அடையாளமாக ஏழு பேரிடமும் கையெழுத்து வாங்கினேன்.
4. ஒரு நாள் ஒருவர் கையெழுத்துப் போடவில்லை. நான் விடவில்லை.
5. அவரைப் பிடித்துக்கொண்டு போனார்கள்.

மூன்றாவதைப் படித்ததும் என்னை முட்டாள் என்று நினைத்திருப்பீர்கள். (தட்டச்சிலும் சுருக்கெழுத்திலும் முதல் வகுப்பில் தேறியவள் நான். கோளாறே அதுதான்.)

அப்போது மலாக்காவில் கிடைத்தது அரசாங்கம் போட்ட பத்திரிகை மட்டும்தான். அதில் தினமும் வெற்றி. ஒரே கப்பலை இரண்டு முறை மூழ்கடித்தார்கள். அரிசிக்குக் குறைவில்லை என்று அதில் படித்துவிட்டு மரவள்ளிக்கிழங்கு தின்றோம். வெளிநாட்டு ஒலிபரப்பைக் கேட்டால் தலை போகும். காஜா பெராங்கில் எங்கள் அக்கா வீட்டுக் கோழிக்கூண்டுக்கு அடியில் அத்தான் ஒரு வானொலிப் பெட்டியை ஒளித்து வைத்திருந்தார். பிற்பகலில் மழை தகரக் கூரையில் கொட்டும்போது கேட்டுவிட்டு வந்து சொல்வார். அந்த இரைச்சல் அடங்குவதற்குள் நான் ஆங்கிலத்தில் ஒரு பக்கம் தட்டச்சு செய்துவிடுவேன்.

காகிதம் கிடைக்காததால் ஒரே பிரதிதான். அதுவே கை மாற வேண்டும். போருக்கு முன் நான் வேலை பார்த்த அலுவலகத்தில் சுற்றறிக்கையின் அடியில் எல்லார் பெயரும் இருக்கும். படித்தவர் தம் பெயருக்கு நேரே சின்னக் கையெழுத்துப் போட்டு அடுத்தவருக்கு அனுப்புவார். நானும் அப்படியே செய்தேன். கடைசியில் தாள் என்னிடம் திரும்பி வரும். தேதிவாரியாகக் கோப்பில் வைப்பேன். (ஆமாம், கோப்பும் இருந்தது.)

யாரும் தடுக்கவில்லை. ஏழு பேரில் ஆறு பேர் பழைய குமாஸ்தாக்கள். அவர்களில் ஒருவர், பக்கத்து வீட்டில் இருந்த பிள்ளை என்ற மலாக்கா செட்டி இனத்தவர், கையெழுத்துக்குப் பக்கத்தில் 'கவனித்தேன், நன்றி' என்றுகூட எழுதுவார். "சுடா பாச்சா, சுடா தேக்கென்," என்று மலாயில் சொல்வார். படித்தாயிற்று, கையெழுத்தும் போட்டாயிற்று என்று அவ்வளவு பெருமை.

ஏழாமவர் காசிம் மாமா. டவுனில் துணிக்கடை வைத்திருந்தவர். அலுவலகப் பழக்கம் இல்லாததால் அவருக்கு மூளை கெடவில்லை. ஒரு நாள் தாளைக் கொண்டுவந்து நீட்டினார்.

"மாமா, உங்க பேருக்கு நேரா ஒண்ணுமே இல்லையே?"

"படிச்சாச்சு புள்ள. அதுக்கு என்ன சாட்சி?"

"தாள் யார்கிட்ட நின்னுச்சுன்னு எனக்குத் தெரிய வேணாமா?"

"என்கிட்டதான் நின்னுச்சு. இப்ப உன்கிட்ட நிக்குது. அடுப்புல போடு."

"கோப்புல ஒண்ணு குறையும் மாமா."

அவர் அத்தானைப் பார்த்தார். அத்தான் கோழிகளைப் பார்த்தார்.

"சரி, கொடு. கண்ணாடி கடையில இருக்கு. அது இல்லாம எங்க போடுறதுன்னே தெரியாது. நாளைக்குப் போட்டு அனுப்புறேன்."

தாளை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு போனார். நான் நாட்குறிப்பில் 'காசிம் மாமா, பாக்கி' என்று எழுதிக்கொண்டேன்.

மறுநாள் காலை, துணி எடுத்துப் போக ராணுவ போலீஸ் கடைக்கு வந்தபோது மாமா கண்ணாடி போட்டுக்கொண்டு பேனாவைத் திறந்திருந்தார். தாள் மேசைமேல் இருந்தது. பெயர்கள் இருந்த அடிப்பகுதியைக் கிழித்து வாயில் போட்டுக்கொண்டார். மீதி அவர்கள் கைக்குப் போயிற்று.

சேதி வந்ததும் அத்தான் பெட்டியைக் கிணற்றில் போட்டார். நான் உட்கார்ந்து, எரிக்க வேண்டியவற்றுக்கு ஒரு பட்டியல் எழுதினேன். அக்கா முதலில் அந்தப் பட்டியலை எரித்தாள்.

நான்கு நாள். தெருவில் பூட்ஸ் சத்தம் கேட்டால் ஏழு பெயரும் வரிசையாக மனதில் ஓடும். யாரும் வரவில்லை. ஐந்தாம் நாள் மாமாவை விட்டார்கள். முகம் அவர் முகமாக இல்லை. எங்கள் வாசலுக்கு வந்தார்; பிள்ளையும் ஓடிவந்தார். நின்றபடியே கேட்டேன்:

"அவங்ககிட்ட என்ன மாமா சொன்னீங்க?"

"இந்தப் பக்கம் வந்து பேசு புள்ள. அந்தக் காதுல ஒண்ணும் விழல." நான் மாறி நின்று திரும்பக் கேட்டேன்.

"சாமான் சுத்தி வந்த காகிதம்னேன். அடிச்சாங்க. திரும்ப அதையேதான் சொன்னேன்." பிள்ளையைப் பார்த்துச் சிரிக்க முயன்றார். "ஆறு பேரும் சுலபமா உள்ள போய்ட்டீங்க. இவர் எழுதுற நன்றிதான் தொண்டையில நின்னுச்சு."

பிள்ளை தம் வீட்டுக்குள் போய் வெகுநேரம் வெளியே வரவில்லை.

இப்போது எங்கள் வீட்டில் இது வேடிக்கைக் கதை. அக்கா தேநீர் கொடுத்தால் அத்தான், "குடிச்சதுக்குக் கையெழுத்துப் போடணுமா?" என்று என்னைக் கேட்பார். எல்லாரும் சிரிப்பார்கள். காசிம் மாமாவும் சிரிப்பார், மற்றவர்கள் சிரிப்பதைப் பார்த்த பிறகு.

போர் முடிந்துவிட்டது. எனக்குப் பழைய அலுவலகத்திலேயே வேலை கிடைத்திருக்கிறது. மாமா கடையை மறுபடி திறந்துவிட்டார். அவருக்கு இடது காது கேட்பதில்லை. இனியும் கேட்காது என்று டாக்டர் சொல்லிவிட்டார். அவரிடம் நான் இன்னும் மன்னிப்புக் கேட்கவில்லை.