அத்தி மரத்துக்கு இடமாறுதல்

மனித நாகரிகம் எட்டிய உச்சம் எது என்று யாராவது கேட்டால், எங்கள் வீட்டுக் கூடத்தில் தொட்டியில் நின்ற ஆப்பிரிக்க அத்தி என்று தயங்காமல் சொல்வேன். ஆப்பிரிக்கக் காடுகளில் அது யாரும் கவனிக்காமலே ஐம்பது அடி வளருமாம். பாவம், அங்கே அதற்கு எங்கள் அப்பா இல்லை.

அப்பா ஓர் அலுவலகத்தில் கண்காணிப்பாளர். மரம் வந்த அன்றே சுவரில் ‘சுற்றறிக்கை’ ஒட்டினார். மேல்மண் இரண்டு விரல் ஆழம் காய்ந்தால் மட்டுமே தண்ணீர். வாரம் ஒருமுறை தொட்டியைக் கால்வட்டம் திருப்ப வேண்டும். இலை இலையாக ஈரத்துணியால் துடைக்க வேண்டும். நடந்ததை எல்லாம் பதிவேட்டில் ஏற்ற வேண்டும். இத்தனைக்கும் ‘பொறுப்பு அலுவலராக’ நான் நியமிக்கப்பட்டேன். தகுதி: வீட்டில் இருப்பது.

எட்டாம் வகுப்பு முடிந்ததும் எனக்கு மஞ்சள் காமாலை வந்தது. பல மாதம் படுத்து எழுந்தபோது பள்ளியில் என் பெயரை அடித்திருந்தார்கள். கூடத்தில் மரம் வந்திருந்தது. “ஏன் இப்படி மரம் மாதிரி நிக்கிற?” என்று முன்பெல்லாம் அப்பா என்னைத் திட்டுவார். பிறகு அதை விட்டுவிட்டார். மரத்தின் கௌரவம் என்னாவது?

இப்படி ஒன்றரை வருடம் ஓடியது. அப்புறம் எதிர்வீட்டுக்காரர் மாடி எழுப்பினார். எங்கள் ஜன்னலில் வெளிச்சம் போயிற்று. ஒரே வாரத்தில் நான்கு இலைகள் விழுந்தன. அதே வாரம் பள்ளியிலிருந்து ஒரு கடிதம்: வெள்ளிக்கிழமையன்று தந்தை நேரில் வந்து கையெழுத்திட்டால் என்னை ஒன்பதாம் வகுப்பில் சேர்த்துக்கொள்வார்கள், தவறினால் இடம் வேறொருத்திக்கு. விண்ணப்பம் எழுதி அந்தக் கடிதத்தை வரவழைத்தவள் நான்தான். அது யாருக்கும் தெரியாது.

அவசரக் கூட்டம் கூடியது.

“இலை கொட்டிட்டிருக்கிற நேரத்துல ஸ்கூலப் பத்திப் பேச உனக்கு எப்படி மனசு வருது?” என்றார் அப்பா.

“நாலு இலைதாங்க கொட்டிச்சு, இன்னும் பத்தொன்பது இருக்கு” என்றாள் அம்மா. “நமக்குப் பொண்ணு ஒண்ணுதான்.”

“வெள்ளிக்கிழமை மரத்தப் பாக்க நர்சரிக்காரர் வர்றார்.”

“அவர் பதினோரு மணிக்கு முன்னாடி எந்திரிச்சதா சரித்திரமே இல்ல. ஒன்பதுக்குப் போயிட்டு ஓடி வந்துடுங்க.”

நான் வழக்கம்போல வாயைத் திறக்கவில்லை. ஆகவே தீர்மானம் ‘ஏகமனதாக’ நிறைவேறியது.

தலைமை ஆசிரியையின் அறையில் அப்பா நாற்காலி நுனியில் உட்கார்ந்தார். நான் பின்னால் நின்றேன்.

“பொண்ணு எந்த வருஷம் சார் ஸ்கூல்லேர்ந்து நின்னா?”

அப்பா அவர் முகத்தைப் பார்க்கவில்லை. அவருக்குப் பின்னால் இருந்த பெரிய ஜன்னலைப் பார்த்தார். “இது கிழக்குங்களா மேடம்?”

“ஆமா. எந்தப் பாடம் நல்லா வரும்?”

“வெயில் எத்தனை மணி வரைக்கும் வரும்?”

“பத்தரை வரைக்கும். சார், நான் பொண்ணப் பத்திக் கேட்டேன்.”

“எங்க வீட்ல ஒரு ஆப்பிரிக்க அத்தி இருக்கு மேடம்.” அப்பாவின் குரல் தழுதழுத்தது. “வெளிச்சம் இல்லாம வாடிட்டிருக்கு. இந்த ஜன்னலோரமா ஒரு இடம் குடுத்தீங்கன்னா, உங்களுக்குப் புண்ணியமாப் போகும்.”

தலைமை ஆசிரியை என்னை ஒரு நிமிடம் பார்த்தார்.

“மரத்த மட்டும் தனியா எடுத்துக்க மாட்டோம் சார். பாத்துக்க ஆள் வேணும். தினமும், ஒன்பதுலேர்ந்து நாலு வரைக்கும்.”

“ஆள் இருக்கு மேடம்! வீட்ல சும்மாதான் இருக்கா!”

அவர் படிவத்தை நகர்த்தினார். அப்பா ஆனந்தக் கண்ணீரோடு கையெழுத்திட்டார். அலுவலகத்தில் எதையும் மூன்று முறை படித்துவிட்டே கையெழுத்துப் போடுபவர், இதைப் படிக்கவே இல்லை.

மரம் சுமைவண்டியில் போயிற்று. நான் பின்னால் நடந்தேன்.

அன்றுமுதல் அப்பா தினமும் மதிய இடைவேளையில் பள்ளிக்கு வந்துவிடுகிறார். இலைகளை எண்ணுகிறார், மண்ணில் விரல்விட்டுப் பார்க்கிறார். “இருபது வருஷ சர்வீஸ்ல இப்படி ஒரு தகப்பனாரப் பாத்ததே இல்ல” என்று ஆசிரியைகள் வியக்கிறார்கள். எனக்கும் பெருமையாகத்தான் இருக்கிறது.

நேற்று தலைமை ஆசிரியையின் அறைக்கு வெள்ளையடித்தார்கள். மரம் ஜன்னலோரம் இல்லாததைக் கண்டு அப்பா பதறிப்போய் வராந்தாவில் ஓடிவந்தார். ஒரே மாதிரிச் சீருடையில் நூறு பெண்கள் நின்றோம். அவர் நேராக என்னிடம் வந்தார்.

“ஏம்மா, அந்த ரூம்ல ஒரு மரம் இருந்துதே, பாத்தியா?”

“மாடியில, நூலகத்துல இருக்கு சார்” என்றேன்.

“நல்லா இரும்மா. எந்தக் கிளாஸ்?”

“ஒன்பது.”

“நல்லாப் படி” என்று சொல்லிவிட்டு, மாடிப்படிகளை இரண்டிரண்டாகத் தாவி ஏறினார்.

என் படிப்பைப் பற்றி அப்பா என்னிடம் பேசியது அதுதான் முதல் தடவை.