இன்டேக் மேனிஃபோல்டு ஓரம் கசியும் எண்ணெய் குறித்து மாப்பிள்ளைக்கு

சிட்லபாக்கம்,
செவ்வாய்க்கிழமை.

மாப்பிள்ளை தினகரன் அவர்களுக்கு, மாமனார் ராஜகோபால் எழுதிக்கொண்டது. இங்கு நானும் உங்கள் அத்தை அஞ்சம்மாளும் நலம். ஓவியாவும் நலம். உங்கள் கார் மட்டும் நலமாக இல்லை. தாங்களும் தங்கள் அம்மாவும் கோவிலம்பாக்கத்தில் சௌக்கியமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். இவ்வளவு கிட்டத்தில் இருக்கிற ஊருக்குக் கூரியர் அனுப்புகிற ஆள் சென்னையிலேயே நான் ஒருவனாகத்தான் இருப்பேன். என்ன செய்வது, வாட்ஸ்அப்பில் எதை அனுப்பினாலும் நீங்கள் கட்டைவிரலைத் தூக்கிக் காட்டிவிட்டுப் போய்விடுகிறீர்கள். காலையில் போனில் பேசினால் ஆபீஸுக்கு நேரமாகிவிடுகிறது. ஆகவே உட்கார்ந்து எழுதுகிறேன்.

ஆடி அழைப்புக்கு நீங்கள் இருவரும் வந்த அன்று நடந்ததை நான் கிளறப் போவதில்லை. மேடவாக்கம் தாண்டும்போதே தீய்ந்த வாடை வருகிறது, வண்டியை நிறுத்திப் பாருங்கள் என்று ஓவியா சொன்னாள் என்றும், அது முன்னால் போகிற லாரியின் வாடை என்று நீங்கள் சொன்னீர்கள் என்றும், லாரி வேறு ரோட்டில் திரும்பின பிறகும் வாடை கூடவே வருகிறதே என்று அவள் கேட்டாள் என்றும், அதற்கு மேல் நீங்கள் இருவரும் பேசிக்கொண்டது காரைப் பற்றி அல்ல என்றும் கேள்விப்பட்டேன். இங்கே வந்து பானெட்டைத் திறந்தால் புகை. நீங்கள் வடை பாயசத்தைத் தொடாமல், எடுத்து வைத்திருந்த வேட்டி சட்டையையும் வாங்கிக்கொள்ளாமல், சாவியை ஷூ ஸ்டாண்டு மேல் வைத்துவிட்டு, தெருமுனையில் ஷேர் ஆட்டோ ஏறிப் போய்விட்டீர்கள். ஆடி முடிகிற வரைக்கும் பெண் இங்கே இருப்பதற்குத் தெருவில் சொல்ல எனக்கு ஒரு காரணம் இருந்தது. ஆவணி முழுக்கக் கார் ரிப்பேர் என்று சொன்னேன். இப்போது புரட்டாசியும் பிறந்துவிட்டது, இன்னமும் அதையேதான் சொல்லிக்கொண்டிருக்கிறேன்.

கசிவு எனக்குப் புதிதல்ல. ஹார்டுவேர் கடை வைத்துக் குழாயும் வாஷரும் விற்றே தலை நரைத்தவன். எனவே முதலில் நானே பார்த்தேன். இன்ஜினுக்குள் காற்றைப் பிரித்து அனுப்புகிற குழாய்க் கொத்து ஒன்று இருக்கிறதே, இன்டேக் மேனிஃபோல்டு, அது இன்ஜினோடு சேருகிற இடத்தில் எண்ணெய் பிசுபிசுவென்று நின்றது. குழாய் என்று ஆகிவிட்டால் எனக்குத் தெரியாத குழாயா? டெஃப்லான் டேப்பை நன்றாகச் சுற்றி, அதன் மேல் பாத்ரூம் டைல்ஸ் இடுக்குக்குப் போடும் சிலிக்கானைப் பூசிக் காயவிட்டு ஸ்டார்ட் செய்தேன். கொஞ்ச நேரத்தில் எழுந்த வாடையில் அஞ்சம்மாள் காஸ் சிலிண்டரை மூடிவிட்டு வாசலுக்கு ஓடி வந்துவிட்டாள். லாரி வாடைதான் என்று சொல்லிப் பார்த்தேன். ஓவியா என்னைப் பார்த்த பார்வையில், அன்று நீங்கள் ஏன் ஷேர் ஆட்டோ ஏறினீர்கள் என்று எனக்கு ஓரளவு விளங்கியது.

பிறகு பல்லாவரத்திலிருந்து பென்னி என்கிற மெக்கானிக்கை வரவழைத்தேன். நான் பூசியதைச் சுரண்டி எடுப்பதிலேயே அவருக்கு முற்பகல் போய்விட்டது. "சார், எண்ணெ மேனிஃபோல்டுலேந்து வர்ல. அதுக்குள்ள காத்துதான் போவுது. மேல டாப்பெட் கவர் கீது பாருங்க, அதோட பேக்கிங் காஞ்சி பூட்ச்சு. அங்கேந்து ஒழுகி இங்க வந்து நிக்குது" என்றார். கவரைக் கழற்றி, ஒடிந்துபோன ரப்பரை எடுத்துவிட்டுப் புது பேக்கிங் வைத்து, இன்ஜினைத் துடைத்து, வெகு நேரம் ஓடவிட்டுக் காட்டினார். ஒரு சொட்டு இல்லை. உங்களுக்குப் போட்டோ அனுப்பினேன். கட்டைவிரல் வந்தது. அப்புறம் உங்களிடமிருந்து போனையே காணோம். சில நாள் கழித்துக் காலையில் பார்த்தால் மேனிஃபோல்டு ஓரத்தில் மறுபடியும் எண்ணெய், தரையிலும் வட்டமாக. உடனே சொன்னேன், நீங்களும் உடனே போன் செய்தீர்கள்.

அன்றைக்குப் பிடித்த கசிவுதான், இன்னும் விட்டபாடில்லை. பென்னி மேனிஃபோல்டு கேஸ்கெட்டையும் மாத்திட்டார், அடைச்சிருக்குமோன்னு காத்து போற ஹோஸையும் கழுவிட்டார், இருக்கிற போல்ட்டையெல்லாம் முறுக்கிட்டார். அன்னன்னிக்குச் சுத்தமா இருக்கு, மறுநாள் காலைல ஒழுகியிருக்கு. "இன்னா சார் இது, ஒழுகுற எண்ணெ மஞ்சளா கீது. ஓட்ன வண்டி எண்ணெ கருப்பால்ல இருக்கணும்? ஸ்டிக்க உட்டுப் பார்த்தா அளவும் குறையல. பேஜாரா கீது" என்று தலையில் கை வைத்து உட்கார்ந்துவிட்டார். குறையாமல் கசிகிறது என்றால் நல்லதுதானே என்று நான்தான் அவருக்குத் தைரியம் சொன்னேன். நீங்களும் தினம் காலைல போன் பண்றீங்க. "இன்னிக்கு எவ்ளோ மாமா?"ங்கறீங்க. "ஒரு கரண்டி இருக்கும்"ங்கறேன். "வேற ஒண்ணும் இல்லையே?"ங்கறீங்க. "வேற என்ன, ஒண்ணும் இல்ல"ங்கறேன். அப்புறம் நீங்களும் போனை வைக்கறதில்ல, நானும் வைக்கறதில்ல. ஓவியா அந்நேரம் பார்த்து என் பக்கத்திலேயே நின்னு டிவியைத் துடைச்சுக்கிட்டிருக்கா. எங்க தெருவுலயே இவ்வளவு சுத்தமான டிவி வேறெந்த வீட்டிலும் கிடையாது.

ஓவியாவைப் பற்றி இரண்டு வரி எழுதச் சொல்லி அஞ்சம்மாள் பக்கத்திலேயே உட்கார்ந்திருக்கிறாள். அது உங்கள் இருவர் விஷயம், நான் காரைப் பற்றி மட்டுமே எழுதுவேன் என்று சொல்லிவிட்டேன். விஷயத்துக்கு வருகிறேன். பென்னி கைவிட்டுவிட்டார், எனக்கும் வேறு வழி தெரியவில்லை. வெள்ளிக்கிழமை காரை இழுத்துக்கொண்டு போக ஆள் சொல்லியிருக்கிறேன். உங்கள் வீட்டு வாசலில் விட்டுவிடுவார்கள். அதற்குமேல் விற்பதோ வைத்துக்கொள்வதோ உங்கள் சௌகரியம். இனிமேல் காலையில் நீங்கள் எனக்காக நேரம் ஒதுக்க வேண்டியிருக்காது.

தங்கள் அம்மாவுக்கு எங்கள் வணக்கத்தைச் சொல்லவும். உத்தியோகத்தில் உயர்ந்து, உடம்பைப் பார்த்துக்கொண்டு, வேளாவேளைக்குச் சாப்பிட்டு, எல்லா நலமும் பெற எங்கள் இருவரின் ஆசீர்வாதங்கள்.

இப்படிக்கு,
அன்புள்ள மாமனார்,
ராஜகோபால்

பின்குறிப்பு: கடிதத்தை நேற்றே ஒட்டியிருக்க வேண்டும். இன்று காலை பால் பாக்கெட் எடுக்க வெளியே வந்தேன். காரின் பானெட் திறந்திருந்தது. டாப்-அப்புக்காக நான் வாங்கி வைத்த எண்ணெய் டப்பாவை ஒரு கையிலும், சமையல் கரண்டியை இன்னொரு கையிலும் வைத்துக்கொண்டு ஓவியா நின்றிருந்தாள். மேனிஃபோல்டு ஓரமாகப் பார்த்துப் பார்த்து ஊற்றிக்கொண்டிருந்தாள். "என்னம்மா இது?" என்றேன். அவள் பதறக்கூட இல்லை. "பென்னி அண்ணா முதல் தடவையே சரி பண்ணிட்டாருப்பா. சரியாயிடுச்சுன்னு போட்டோ போனதும் அவர் போனே பண்ணல, பார்த்தீங்கல்ல" என்றாள். பாலைக் கொண்டுபோய் உள்ளே வைத்துவிட்டு, இழுக்கிற வண்டிக்காரருக்குப் போன் செய்து வர வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். ஆகவே மேலே எழுதியிருப்பதைப் பொருட்படுத்த வேண்டாம். காருக்கு ஒன்றுமில்லை. இதை நான் உங்களுக்கு எழுதுவது அவளுக்குத் தெரியாது. டப்பாவில் இன்னும் கொஞ்சம்தான் இருக்கிறது மாப்பிள்ளை, அது தீர்வதற்குள் வந்துவிடுங்கள்.