இருநூற்றுப் பன்னிரண்டாம் பக்கத்தில் செத்தவன் எழுதுவது

லார்க் தெரு, சிகாகோ
அக்டோபர் 9, 2019

மதிப்பிற்குரிய பதிப்பாசிரியர் ஹாலோவெல் அம்மையார் அவர்களுக்கு,

ஆல்வின் டெம்பிள்டன் பணிவுடன் எழுதுவது. தாங்களும் தங்கள் அலுவலகத்தாரும் சுகமாயிருக்க வேண்டுகிறேன். நானும் சுகமே. அதைத் தெரிவிப்பதற்காகத்தான் இந்தக் கடிதம். ஏனென்றால் தாங்கள் வெளியிட்டிருக்கும் ‘மோசஸ் போன கோடைகாலம்’ என்ற நாவலின் இருநூற்றுப் பன்னிரண்டாம் பக்கத்தில் நான் செத்துப்போயிருக்கிறேன்.

என் பெயர் மோசஸ் இல்லையே என்று கேட்பீர்கள். புத்தகத்தின் முதல் பக்கத்தைப் பாருங்கள். ‘லார்க் தெரு ஆல்வின் டெம்பிள்டனுக்கு, அவன் எங்கிருந்தாலும்’ என்று கொட்டை எழுத்தில் போட்டிருக்கிறீர்கள். எங்கள் சர்ச்சுப் பெண்கள் மாதம் ஒரு புத்தகம் சேர்ந்து படிப்பவர்கள். ‘எங்கிருந்தாலும்’ என்றால் மேலேதான் என்று அவர்களே தீர்மானித்துவிட்டார்கள். அந்த ஆல்வின் அதே தெருவில், அதே வீட்டில்தான் இருக்கிறான், சாயங்காலம் ஆறு மணிக்குக் குப்பைத் தொட்டியை வெளியே வைக்கிறான் என்பது ஒருத்திக்கும் தோன்றவில்லை. என் மனைவி லொரெய்னும் அந்தக் கூட்டத்தில் ஒருத்தி. ஒருநாள் நான் எதிரே உட்கார்ந்து கோழி தின்றுகொண்டிருக்கும்போதே புத்தகத்தை மூடிவிட்டு அழ ஆரம்பித்தாள்.

“என்னாச்சு?” என்றேன்.

“செத்துட்ட.”

“யாரு?”

“நீதான். நாயைக் காப்பாத்த ஏரில குதிச்சு. எவ்வளவு நல்ல பிள்ளையா இருந்திருக்க. இப்ப ஏன் இப்படி ஆயிட்ட?”

அன்றிலிருந்து எனக்கு நிம்மதி இல்லை. சர்ச்சு வாசலில் நின்று வருகிறவர்களை உட்காரவைக்கும் பொறுப்பு எனக்கு இருபது வருஷமாக இருக்கிறது. புதிதாகச் சேர்ந்த ஒரு அம்மாள் என் சட்டையில் குத்தியிருந்த பெயரைப் பார்த்துவிட்டு என் கையைப் பிடித்துக்கொண்டு, “உங்க அண்ணனைப் பத்திப் படிச்சேன். அவர் பேரையே உங்களுக்கும் வச்சிருக்காங்க போல. அவரு இருந்திருந்தா உங்களுக்கு வழிகாட்டியிருப்பாரு” என்றார். எனக்கு அண்ணனே கிடையாது. இதைச் சொன்னதும் அந்த அம்மாள் இன்னும் பலமாக அழுதார். முப்பத்தொரு வருஷம் இந்த நகரத்தில் பஸ் ஓட்டி எல்லா ரகத்துப் பயணிகளையும் பார்த்துவிட்டேன், ஆனால் நான் செத்ததற்கு எனக்கே ஆறுதல் சொன்ன ஆளை இப்போதுதான் பார்க்கிறேன்.

அம்மையாரே, இதை எழுதிய தியோடர் நோவோட்னி எங்கள் தெருவில் வெறும் டெடி. அடுத்த வீட்டு வெள்ளைக்காரப் பையன், செக் குடும்பம். அந்தத் தெருவுக்கு வந்த முதல் கறுப்புக் குடும்பம் எங்களுடையது. நாங்கள் வந்தபோது இருவருக்கும் ஒன்பது வயது, பள்ளிக்கூட நேரம் தவிர எந்நேரமும் ஒன்றாகவே திரிந்தோம். ஆகவே எனக்குத் தெரியும், சொல்கிறேன். டெடிக்கு நாயே கிடையாது. அவன் அப்பாவுக்கு நாய்முடி பட்டால் தும்மல் நிற்காது. எனக்கு நீந்தத் தெரியாது. நீந்தத் தெரிந்திருந்தாலும் அந்தக் காலத்தில் அந்த ஏரிக்கரைக்குக் கறுப்பர்களான எங்களில் ஒருவன் போனால் கல்லால் அடித்துத் துரத்துவார்கள், நாய் மூழ்கும்வரை யாரும் என்னை விட்டுவைத்திருக்க மாட்டார்கள்.

அப்புறம் என் வாய். புத்தகத்தில் நான் வாயைத் திறந்தால் தத்துவம்தான். ‘நதிக்கு நிறம் இல்லை, டெடி’ என்கிறேன். சத்தியமாகச் சொல்கிறேன், பதினொரு வயதில் நான் ஒரு நல்ல வார்த்தை பேசியதில்லை. “உன் மூக்கு கதவுக் கைப்பிடி மாதிரி இருக்குடா” என்பேன். “உன் காதப் புடிச்சுத் தூக்கினா சூப் பாத்திரம்டா” என்பான் அவன். எங்கள் சிநேகம் முழுக்க இதுதான். புத்தகத்தில் என் அம்மா பாடிக்கொண்டே சோள ரொட்டி சுடுகிறாளாம், அவள் மடியில் டெடி தலை வைத்து அழுகிறானாம். என் அம்மா தபால் நிலையத்தில் எட்டு மணிநேரம் நின்றபடி கடிதம் பிரித்துவிட்டு வந்து வாளித் தண்ணீரில் காலை வைத்து உட்காருவாள். அந்த நேரத்தில் யார் பாடினாலும் அறை விழும். பாடியது டெடியின் அம்மா. மாவு உருண்டை போட்ட சூப்பு வைத்து, எனக்கு மட்டும் கூடுதலாக இரண்டு உருண்டை போட்டு, “தின்னு, எலும்பா இருக்க” என்றது அவள்தான். அவளை ஏன் புத்தகத்தில் காணோம்?

எல்லாவற்றிலும் பெரிய தப்பு கையுறை விஷயம். மோசஸ் சாகிறபோது தன் பேஸ்பால் கையுறையை டெடிக்குக் கொடுக்கிறான் என்று எழுதியிருக்கிறது. அது மோசஸுடையதும் இல்லை, டெடியுடையதும் இல்லை. மளிகைக் கடையில் சாமான் வாங்கினால் பச்சை ஸ்டாம்பு கொடுப்பார்கள், புத்தகத்தில் ஒட்டி நிரப்பிக் கொடுத்தால் ஏதாவது பொருள் கிடைக்கும். அவன் அம்மா மேசை விளக்குக்கு ஒட்டிவைத்திருந்தாள், என் அம்மா இஸ்திரி மேசைக்கு. இரண்டு புத்தகத்தையும் திருடிக்கொண்டு போய் நாங்கள் ஒரே ஒரு கையுறை வாங்கிவந்தோம். இரண்டு வீட்டிலும் ஒரே நாளில் உதை. அதனால் அது பாதிப் பாதி. ஞாயிறு சாயங்காலச் சாப்பாட்டுக்கு முன்னால் கை மாற வேண்டும், ஒரு வாரம் அவனுக்கு, ஒரு வாரம் எனக்கு. நான் பீச்சாங்கைக்காரன். கையுறையோ வலக்கைக்காரர்கள் இடது கையில் மாட்டிப் பந்து பிடிக்கச் செய்தது. என் வாரத்தில் நான் பந்தைப் பிடித்து, கையுறையைக் கழற்றிக் கீழே போட்டு, பிறகு எறிவதற்குள் எதிரணிப் பையன் ஓடிமுடித்து வீட்டுக்குப் போய்த் தண்ணீரே குடித்திருப்பான். அப்படியும் ஒரு வாரத்தைக்கூட நான் விட்டுக்கொடுத்ததில்லை.

நாங்கள் வந்த இரண்டு வருஷத்தில் தெருவில் வீடு காலிசெய்யும் லாரிகள் வர ஆரம்பித்தன. கறுப்பர்கள் வந்துவிட்டார்கள், இப்போதே விற்காவிட்டால் வீட்டுக்கு விலை போகாது என்று தரகர்கள் வெள்ளைக்காரர் வீடுகளுக்கெல்லாம் தொலைபேசியில் சொல்லிக்கொண்டிருந்தார்கள். ‘நீங்கள் எவ்வளவு நல்ல மனிதர்கள்’ என்று எங்களிடம் சொன்னவர்தான் முதலில் போனார். டெடி மட்டும், “எங்கப்பா போகமாட்டாரு. தக்காளி நட்டிருக்காரு” என்றான். நானும் நம்பினேன். தக்காளி நட்டவன் எங்கே போவான்? ஆகஸ்ட் மாதம் ஒரு சனிக்கிழமை, தக்காளி எல்லாம் காயாகத் தொங்கிக்கொண்டிருக்க, அவர்கள் வாசலிலும் லாரி வந்து நின்றது.

அது என் வாரம். நான் மாடியில் கட்டிலில் கையுறையை மாட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். கீழே மணி அடித்தது. என் அக்கா எர்னஸ்டின் ஏறி வந்தாள்.

“டெடி வந்திருக்கான். போகப் போறாங்களாம். கீழ வா.”

“நான் இல்லன்னு சொல்லு.”

“இங்கதான இருக்க.”

“இல்லன்னு சொல்லுன்னா சொல்லு.”

எர்னஸ்டின் ஞாயிறு பள்ளியில் பரிசு வாங்கியவள், பொய் சொல்ல மாட்டாள். கீழே போய், “அவன் இல்லன்னு சொல்லச் சொன்னான்” என்று சொல்லிவிட்டாள்.

பிறகு டெடியின் குரல். “கிளவுஸுக்கு வரலக்கா. நாளையிலேர்ந்து என் வாரம்தான், பரவால்லன்னு சொல்லுங்க. சும்மாத்தான் வந்தேன்.”

கதவு சாத்தும் சத்தம் கேட்டது. சாத்தியபிறகு இன்னொரு முறை மணி அடித்தது. திரையை ஒதுக்கிப் பார்த்தேன். அவன் உச்சந்தலை தெரிந்தது. லாரி ஹாரன் அடிக்கும்வரை அவன் வாசற்படியிலேயே நின்றுகொண்டிருந்தான். எனக்கு அவ்வளவு கோபம். எங்களைப் பார்த்து ஓடுகிறவர்களில் இவனும் ஒருத்தன் என்று கோபம். பதினொரு வயதுப் பையன் லாரியை ஓட்டவில்லை என்பது அன்றைக்கு என் மண்டையில் ஏறவில்லை. அந்தத் தக்காளி பழுத்ததும் ஒன்று விடாமல் பறித்து அவர்கள் வாசற்கதவில் எறிந்தேன். அதற்குள் அங்கே குடிவந்திருந்தவர்கள் எங்கள் ஜனம், எங்கள் சர்ச்சு. அம்மா என் காதைப் பிடித்து இழுத்துப்போய் வாளியும் துணியும் கொடுத்தாள். அழுதுகொண்டே கழுவினேன். தக்காளி கண்ணில் பட்டுவிட்டது என்று சொல்லிக்கொண்டேன்.

கதவு விஷயம் அவனுக்கும் தெரியும். ஆனால் ஒரு பையன் கதவைத் திறக்கவில்லை என்று அவனால் எழுத முடியவில்லை போலிருக்கிறது. அதற்குப் பதில் என்னைக் கொன்று, நல்லவனாக்கி, தன் கையில் கையுறையையும் கொடுக்கவைத்து அனுப்பிவைத்துவிட்டான்.

ஆகவே அம்மையாரே, அடுத்த பதிப்பில் நாயை எடுத்துவிட்டு என்னை உயிரோடு வைக்கவும். என் அம்மா பாடுவதை நிறுத்தவும். அவன் அம்மாவுக்கு ஒரு அத்தியாயம் கொடுக்கவும். என்னைப் பீச்சாங்கைக்காரனாக்கவும். கதவை உள்ளபடி எழுதவும். திருத்தாவிட்டால் மேற்கொண்டு நடவடிக்கை எடுப்பேன். கையுறை என்னிடம்தான் இருக்கிறது, சாட்சிக்கு வைத்திருக்கிறேன், யார் கேட்டாலும் தருவதாக இல்லை. என் விலாசத்தை எக்காரணம் கொண்டும் ஆசிரியருக்குத் தெரிவிக்க வேண்டாம். அவரைப் பார்க்கவோ பேசவோ எனக்கு விருப்பமில்லை.

தங்கள் குடும்பத்தில் சின்னவர்களுக்கு ஆசியும் பெரியவர்களுக்கு என் மரியாதையும். தங்கள் அச்சகத்தில் தவறுகள் குறைந்து காகிதம் பெருகக் கர்த்தர் அருள்வாராக.

இப்படிக்கு,
இன்றுவரை உயிரோடிருக்கும்
ஆல்வின் டெம்பிள்டன்

பின்குறிப்பு: கடிதத்தை லொரெய்னிடம் படித்துக் காட்டினேன். “கதவத் தெறக்காதது நீ. புத்தகம் போட்ட அந்தம்மா என்ன பண்ணுவாங்க?” என்று கேட்டுவிட்டுப் பாத்திரம் கழுவப் போய்விட்டாள். ஆகவே மேலே கேட்டது ஒன்றும் வேண்டாம், புத்தகம் இருக்கிறபடியே இருக்கட்டும். இத்துடன் வரும் பொட்டலத்தில் கையுறை இருக்கிறது. அதை டெடியிடம் கொடுத்துவிடுங்கள். அந்த ஞாயிற்றுக்கிழமையிலிருந்து அவன் வாரம்தான், ஐம்பத்தைந்து வருஷமாக நானே வைத்திருந்துவிட்டேன். ஏழு நாள் அவன் வைத்துக்கொள்ளலாம். அதற்கடுத்த ஞாயிறு சாயங்காலம் சாப்பாட்டுக்கு முன்னால் என்னிடம் கொடுத்துவிட வேண்டும். தபாலில் அனுப்பினால் வாங்க மாட்டேன், அவன்தான் கொண்டுவர வேண்டும். வீடு அவனுக்குத் தெரியும். மணி கெட்டுப்போயிருக்கிறது, கதவைத் தட்டச் சொல்லுங்கள். அன்றைக்கு நான் மாடிக்குப் போக மாட்டேன்.