சின்னப் பிள்ளைகளின் கவுன்சிலர்

“அக்கா இல்லை. கவுன்சிலர் எண்டு கூப்பிடுங்கோ,” என்று ஜெஸ்லியா மூன்றாவது தடவையாகத் திருத்தினாள்.

மணலில் குந்தியிருந்த ஒன்பது பிள்ளைகளும் அந்தச் சொல்லை வாய்க்குள் புரட்டிப் பார்த்தார்கள். அரிப்பு என்ற ஊருக்குப் போகும் வழியில், கடலோரக் கோயிலொன்றில் ஆகஸ்ட் விடுமுறைக்கான சிறுவர் முகாம். பாட்டுப் படிப்பிக்க, சோறு போட, மூக்குத் துடைக்க ஓர் ஆள் வேண்டும் என்றுதான் பாதர் கேட்டிருந்தார். அந்த வேலைக்கு அக்கா என்ற பெயர் தாராளம். ஆனால் ஜெஸ்லியா வெளிநாட்டு முகாம்களின் படங்களைப் போனில் பார்த்தவள்; அங்கே இந்த வேலைக்குக் கவுன்சிலர் என்று பெயர். கவுன்சிலர் என்று நெஞ்சுக்குக் குறுக்கே கொட்டை எழுத்தில் அடித்த ரீசேட்டோடுதான் மன்னார் ரவுனிலிருந்து வந்து இறங்கினாள்.

அவளுக்குப் பிள்ளைகளும் வேண்டாம், கடற்காற்றும் வேண்டாம். பாதரின் நற்சான்றுக் கடிதம் வேண்டும். திங்கட்கிழமை கொழும்பில் ஒரு பாலர் பாடசாலை நேர்முகம். கடிதம் இல்லாவிட்டால் வேலை இல்லை. பாதர் போட்ட நிபந்தனை ஒன்றே ஒன்று. தேர்தல் நேரம் கோயில் மண்டபத்தில் கட்சிக்காரர் ஆடிய கூத்துக்குப் பிறகு, வளவுக்குள் அரசியல் நுழையக் கூடாது. இதையெல்லாம் தன்னிடம் ஏன் சொல்கிறார் என்று ஜெஸ்லியாவுக்குச் சிரிப்பு வந்தது.

“வீட்டில என்ன பிரச்சினை எண்டாலும் ஒளிச்சு வைக்கக் கூடாது,” என்று போனைப் பார்த்து வாசித்தாள். “கவுன்சிலரிட்ட அனுப்பிவிடுங்கோ. கவுன்சிலர் தீர்த்து வைப்பா.”

“எல்லாப் பிரச்சினையுமோ?” என்று கேட்டாள் ஏழு வயது நிருஷா. அவளைக் காலையில் ஸ்கூட்டியில் கொண்டுவந்து விட்ட தாய், ஹெல்மெட்டைக்கூடக் கழற்றாமல் போயிருந்தாள்.

“எல்லாம்தான்,” என்றாள் ஜெஸ்லியா பெருந்தன்மையாக.

மறுநாள், சாரத்தை மடித்துக் கட்டியபடி கடற்றொழிலாளி சந்தியோகு வந்தார்.

“கவுன்சிலர் ஆர் பிள்ளை?”

“நான்தான்.” ஒரு பெரிய மனிதர் வாயால் அந்தச் சொல் வந்ததில் அவளுக்கு உச்சி குளிர்ந்துவிட்டது.

“கட்சி லிஸ்ட்டில ஒரு பொம்பிளை பிரதேச சபைக்குப் போனது எண்டு கேள்விப்பட்டனாங்கள். இண்டைக்குத்தான் முகம் காணுறம். மீன்வாடியடி லைற் எரியாமல் மூண்டு மாசம்.”

அந்த நேரம் பார்த்து ஒரு பிள்ளை பசைப் போத்தலை இன்னொரு பிள்ளையின் தலையில் கவிழ்த்தது. விளக்கம் சொல்ல நேரமில்லை. “பாக்கிறன்,” என்று சொல்லிவிட்டு ஓடினாள்.

சந்தியோகுவுக்கு இருந்த கொஞ்சநஞ்சச் சந்தேகமும் தீர்ந்தது. பாக்கிறன் என்று சொல்லிவிட்டு ஓடுகிறவர் கவுன்சிலரைத் தவிர வேறு யாராக இருக்க முடியும்?

மூன்றாம் நாள் எட்டுப் பேர் வந்தார்கள்.

“நான் அந்தக் கவுன்சிலர் இல்லை. பிள்ளையளுக்குத்தான் கவுன்சிலர்,” என்று ஜெஸ்லியா தொண்டை வறளச் சொன்னாள்.

“எண்ட புள்ளைகளுக்குத்தான் மகள் நானும் கேக்கிறன்,” என்றார் முன்னால் நின்ற ஹவ்வா உம்மா. “பைப்புல தண்ணி வருதில்ல. குளிச்சு மூணு நாள்.”

இப்போதாவது ‘நான் வெறும் அக்கா’ என்று சொல்லியிருக்கலாம். அந்த ஒரு சொல் மட்டும் அவள் வாயில் வரவில்லை. பட்டம் அவ்வளவு இனித்தது.

நாலாம் நாள் அந்த எழுத்து மறையும்படி ரீசேட்டை உட்புறம் வெளியே வரப் போட்டுக்கொண்டு வந்தாள்.

“திருப்பிப் போட்டிருக்கிறா. கட்சி மாறிப்போட்டா போல,” என்றார் சந்தியோகு.

கழிவறைக்குள் போய் ஒளிந்தாள். வெளியே வரிசை நின்றது. “ஒளிக்கிறா எண்டால் இவதான்,” என்று வரிசையில் யாரோ உறுதிப்படுத்தினார்கள்.

அதற்குள் இருந்துதான் ஜெஸ்லியாவுக்கு அந்த மகா யோசனை உதித்தது. கடைசி நாளுக்காகப் பிள்ளைகள் மீனவப் புனிதர் இராயப்பரின் வலை செய்துகொண்டிருந்தார்கள். ஒரு பழைய வலையில் காகித மீன்களைத் தொங்கவிடுவார்கள், ஒவ்வொரு மீனிலும் ஒரு மன்றாட்டு இருக்கும். மிச்சமிருந்த காகித மீன்களை அள்ளி வந்து சனத்திடம் நீட்டினாள்.

“எழுதித் தந்திட்டுப் போங்கோ.”

எழுதிக் கேட்கிற கவுன்சிலரை அந்த ஊர் அதுவரை கண்டதில்லை. அடுத்த இரண்டு நாளும் பக்கத்து ஊர்களிலிருந்தும் சனம் வந்தது. பிறகு பெட்டியோடு எரிக்கலாம் என்று அவள் எல்லா மீனையும் ஒரு பெட்டிக்குள் போட்டு மூலையில் வைத்தாள். பெட்டிக்குள் கிடப்பதெல்லாம் வலைக்குத்தான் என்று பிள்ளைகள் எண்ணிக்கொண்டார்கள். சனம் வரத் தொடங்கியதிலிருந்து அவர்கள் பக்கமே திரும்பாதவளுக்கு அது எப்படித் தெரியும்?

ஏழாம் நாள் பெற்றோர் நிறைந்த மண்டபத்தில், கையில் கடிதத்தோடு பாதர் வந்தார். திரை விலகியது. வலையில் இருநூறு மீன்கள் ஆடின. பாதர் உருக்கமாக ஒன்றைப் பிடித்து, ஒலிவாங்கியில் வாசித்தார்.

“‘மீன்வாடியடி லைற். பாக்கிறன் எண்டு சொன்னனீங்கள்.’”

பாதர் இன்னொன்றைப் பிடித்தார்.

“‘கக்கூஸ் கட்டித் தந்தால் அடுத்த முறையும் எங்கட வோட்டு உங்களுக்குத்தான்.’”

“பாதர், அது பிள்ளையளின்ர மன்றாட்டு…” என்றாள் ஜெஸ்லியா.

பாதர் கடிதத்தை நாலாக மடித்து அங்கிப் பைக்குள் வைத்தார். கொழும்பு அந்தப் பைக்குள் போய் மறைவதை அவள் நின்று பார்த்தாள். அழுகை வந்துவிட்டது. பிள்ளைகளைப் பார்த்துக் கேட்டாள்.

“இந்தச் சனத்தை ஆர் என்னட்ட அனுப்பினது?”

நிருஷா பெருமையாகக் கையை உயர்த்தினாள். கதவடியில் ஹெல்மெட்டோடு நின்ற தாய் சட்டென்று வெளியே நழுவினாள்.

“நான்தான், கவுன்சிலர். எங்கட அம்மா கட்சி லிஸ்ட்டில பிரதேச சபைக்குப் போனதிலயிருந்து ஆக்கள் வந்து கேற்றைத் தட்டுறதுதான் எங்கட வீட்டுப் பிரச்சினை, அதுதான் நீங்கள் சொன்னமாதிரி எல்லாரையும் உங்களிட்ட அனுப்பிவிட்டனான்.”