வட்ட நாற்காலியும் நான் எழுந்து நிற்காத காரணமும்

கெலுகோர்,
திங்கட்கிழமை.

பெருமதிப்பிற்குரிய திரு. புவனேஸ்வரன் ஐயா அவர்களுக்கு,

வணக்கம். தாங்களும் தங்கள் துணைவியாரும், தமக்கையார் வள்ளியம்மா அவர்களும், மாப்பிள்ளை என்று அழைக்க எனக்கு இன்னும் உரிமை இருக்கிறதா என்று தெரியாத தங்கள் மகன் வினோதனும் தாசேக் கெலுகோருக்குப் பத்திரமாகப் போய்ச் சேர்ந்திருப்பீர்கள் என்று நம்புகிறேன். இங்கே என் இடுப்பைத் தவிர எல்லோரும் நலம்.

நேற்று என் மகள் நிரோஷாவைக் கேட்டு முறையாகத் தட்டு ஏந்தி என் வீட்டுக்கு வந்தீர்கள். நான் எழுந்து நிற்கவில்லை. தாங்கள் கைகொடுத்தபோது உட்கார்ந்தே கைகொடுத்தேன். தங்கள் தமக்கையார் இடமில்லாமல் சுவரோரம் நின்றபோது அவரைப் பார்த்துப் புன்னகை மட்டும் செய்தேன். விடைபெற்றுப் போகும்போதுகூட வாசல் வரை வரவில்லை. யாழ்ப்பாணத்துக் குமாஸ்தா பரம்பரை, தலைக்கனம் இருக்கத்தானே செய்யும் என்று பாலத்தைக் கடக்கும்போது காரில் பேசிக்கொண்டிருந்தால் நான் குறை சொல்ல மாட்டேன். ஆனால் ஐயா, எனக்கு இருந்தது தலைக்கனம் அல்ல. வாட்சப்பில் இதைச் சொல்லியிருப்பேன். நான் பேசி அனுப்புவதெல்லாம் எப்படியோ எங்கள் குடும்பக் குழுவுக்கே போய்விடுவதால் கடிதமாக எழுதுகிறேன்.

எங்கள் வீட்டு சோபா நடுவில் பள்ளம் விழுந்தது. யார் எந்த ஓரத்தில் உட்கார்ந்தாலும் கடைசியில் நடுவில் போய் ஒருவர்மேல் ஒருவர் சாய்ந்துவிடுவார்கள். சம்பந்தி வீட்டார் அப்படிச் சாயக்கூடாது, புதிதாக ஏதாவது வாங்குங்கள் என்றாள் என் மனைவி புஷ்பராணி. அந்த நேரம் பார்த்து என் கைப்பேசியில் ஒரு வெள்ளைக்காரப் பெண் அந்தக் காலத்துப் பாணியில் உருண்டையாக ஒரு நாற்காலியை, தலைமுடி கலையாமல், பாட்டுக் கேட்டுக்கொண்டே செய்து முடித்தாள். கீழே ஒரு வட்டப் பலகை, மேலே பிறை போல ஒரு பலகை, நடுவே சில கட்டைகள், சுற்றிலும் மெல்லிய பிளைவூட், உள்ளே ஸ்பாஞ்சு, அதன்மேல் துணி. அவ்வளவுதான். வேலையிலிருந்து ஓய்வு பெற்றபின் என்னை யாரும் எதற்கும் கேட்பதில்லை, ஐயா. நானே செய்கிறேன் என்று சொல்லிவிட்டேன்.

"கடைல வாங்கினா கதை முடிஞ்சிச்சு லா. ஏன் இந்த வேலை?" என்றாள் புஷ்பராணி. கேட்டிருக்க வேண்டும்.

பிளைவூட் வளையவில்லை. முதல் பலகை உடைந்தது. இரண்டாவது உடைந்து பறந்துபோய்ச் சாமிப் படத்துக்குப் பக்கத்தில் நின்றது. நனைத்தால் வளையும் என்றார்கள். குளியலறையில் தண்ணீரில் ஊறப் போட்டேன். அந்த வாரம் முழுக்க வீட்டில் எல்லோரும் பலகையோடுதான் குளித்தோம். பிறகு அதை வளைத்துக் கட்டையில் அணைத்து, காயும்வரை பிடித்துக்கொள்ள ஒரு சேலையால் இறுக்கிக் கட்டினேன். அது பழைய சேலை இல்லை என்பது பின்னால்தான் தெரிந்தது. எப்படியோ உருண்டை வந்துவிட்டது. லிட்டில் இந்தியாவில் மார்க்கெட் ஸ்திரீட்டுக்குப் போய் மஞ்சள் வெல்வெட் எடுத்துவந்து, ஞாயிறு காலையில் கடைசி ஆணியையும் அடித்து முடித்தபோது நிரோஷாவே கைதட்டினாள். "அப்பா, ஷோரூம் பீஸ் மாதிரி இருக்குப்பா!" என்றாள். அவள் சின்னப் பிள்ளையாக இருந்தபோது என்னைப் பார்த்த மாதிரி பார்த்தாள்.

அந்தப் பார்வை தந்த மிதப்பில் நாற்காலியில் ஏறி உட்கார்ந்தவன்தான்.

ஐயா, என் இடுப்பை நான் சரியாகத்தான் அளந்தேன். அளந்தது ஸ்பாஞ்சு ஒட்டுவதற்கு முன்னால். வெல்வெட்டுக்கு வேறு ஒரு குணம் உண்டு: ஒரு பக்கமாகத் தடவினால் வழுக்கும், எதிர்ப் பக்கமாகத் தடவினால் பிடித்துக்கொள்ளும். வழுக்கும் பக்கத்தைக் கீழ்நோக்கி ஒட்டியிருந்தேன். அதனால் உள்ளே போனது சுகமாக இருந்தது. எழுந்தபோது நாற்காலியும் என்னோடு எழுந்தது. ஓட்டைச் சுமக்கும் நத்தை போலக் கூடத்தில் ஒரு சுற்று வந்தேன். நிரோஷா அதற்குள் குளிக்கப் போயிருந்தாள். புஷ்பராணி ஒரு கையைப் பிடித்து இழுத்தாள். பாத்திரம் கழுவும் சவர்க்காரத்தைப் பக்கவாட்டில் ஊற்றினாள். வேட்டி நனைந்ததுதான் மிச்சம். பக்கத்து வீட்டு ஹஸ்ருலைக் கூப்பிட்டோம். சுற்றிச் சுற்றிப் பார்த்துவிட்டு, "அங்கிள், போத்தோங் சஜாலா," என்றான். வெட்டிவிடுவதுதான் ஒரே வழியாம். நான் வெட்ட விடவில்லை. அதற்குள் வாசலில் தங்கள் குரல். பாலத்தில் நெரிசல் இல்லை போலும், முன்கூட்டியே வந்துவிட்டீர்கள்.

அப்போதே சொல்லியிருக்கலாம். ஆனால் தாங்கள் உள்ளே நுழைந்ததும் சொன்ன முதல் வார்த்தை, "நாற்காலி ரொம்ப நல்லா இருக்கே, எங்க வாங்கினது?" என் வாய் என்னைக் கேட்காமலே "இத்தாலி" என்றது. இத்தாலி நாற்காலியில் மாட்டிக்கொண்டேன் என்று அதற்கப்புறம் எப்படிச் சொல்வது?

ஏன் எழுந்திருக்கவில்லை என்று தாங்கள் கேட்கவும் இல்லை. ஆனாலும் புஷ்பராணி, "இவருக்கு முட்டி வலி," என்றாள். அதே சமயத்தில் நான், "முதுகு வலி," என்றேன். தாங்கள் பெருந்தன்மையோடு, "வயசானா எல்லாம் வரும் லா," என்றீர்கள். வள்ளியம்மா அக்கா, "நீங்க எந்திரிக்காதீங்க, நான் நிக்கிறேன்," என்றார். சொல் தட்டாமல் நடந்துகொண்டேன். படம் எடுக்கும்போது எல்லோரும் நின்றீர்கள், நடுவில் நான் மட்டும் ஏதோ ஜமீன்தார் மாதிரி மஞ்சள் வெல்வெட்டில். அந்தப் படத்தை வினோதன் அனுப்பியிருக்கிறார். என் முகத்தில் தெரிவது கம்பீரம் இல்லை, ஐயா. கால் மரத்துப்போயிருந்தது.

தாங்கள் போனபின் உண்மையைக் கேட்டுவிட்டு நிரோஷா என்னோடு பேசவில்லை. ஹஸ்ருலும் அவளும் நாற்காலியோடு என்னைக் கவிழ்த்து, இட்லித் தட்டைத் தட்டுவது போல அடியில் தட்டினார்கள். நான் வந்துவிட்டேன். வேட்டி வரவில்லை.

என் மேல் உள்ள கோபத்தைப் பிள்ளைகள் மேல் காட்ட வேண்டாம். இரண்டு பேரும் தொழிற்சாலையில் ஒன்றாக வேலை செய்து, ஒருவரையொருவர் நன்றாகப் புரிந்துகொண்டு, பெரியவர்கள் சம்மதத்துக்குக் காத்திருப்பவர்கள். தங்கள் தமக்கையாரை எல்லோர் முன்னிலையிலும் நான் நிற்க வைத்ததற்கு அவரிடம் நேரில் வந்து, நின்றுகொண்டே மன்னிப்புக் கேட்கிறேன்.

தங்கள் இல்லத்தில் அமர்வோர் அனைவரும் நினைத்த மாத்திரத்தில் எழும் பாக்கியம் பெற்று நீடு வாழ அம்மனை வேண்டும்,

அம்பிகைபாகன்

பி.கு.: மேலே உள்ளதைத் தாங்கள் இனி படிக்க வேண்டாம். சற்றுமுன் வள்ளியம்மா அக்கா புஷ்பராணிக்குப் போன் செய்தார். "எங்க வீட்டு ஆம்பளைங்க யாரு வந்தாலும் எந்திரிச்சி எந்திரிச்சிக் குனியிறாங்க. உங்க வீட்டுக்காரரப் பாருங்க, ராஜா மாதிரி! அந்த வீட்டுப் பொண்ணுதான் வேணும்னு சொல்லிட்டேன்," என்றாராம். தாங்களும் அதையே சொன்னீர்களாம். இதைக் கேட்டதும் நான் இந்தக் கடிதத்தைக் கிழிக்கப் போனேன். நிரோஷா பிடுங்கிக்கொண்டாள். நேற்றிலிருந்து இப்போதுதான் என்னோடு பேசுகிறாள். "அனுப்புங்கப்பா. படிச்சிட்டுச் சிரிச்சாங்கன்னா அங்க போறேன். சிரிக்கலன்னா அந்த வீட்ல நான் எப்படிப்பா இருக்கிறது?" என்று சொல்லி, அஞ்சல்தலையையும் அவளே ஒட்டிவிட்டாள். ஆகையால் ஐயா, குடும்பத்தோடு சிரித்துவிடுமாறு தாழ்மையுடன் கேட்டுக்கொள்கிறேன்.